பனிமலை உச்சியில் செடிகள் ஒட்டி ஒட்டி வளர்வது ஏன்? உதவியா, போட்டியா?

நடைவழி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாதம் நண்பர்களோடு லடாக் போய் வந்தேன். லேயிலிருந்து பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் சாங் லா கணவாய் வரும், 5,300 மீட்டருக்கு மேல். அதற்குக் கொஞ்சம் கீழே வண்டியை நிறுத்தி இறங்கினால் சுற்றிலும் வெறும் சரளைக்கல்தான். மரம் இல்லை, புதர் இல்லை. அந்தக் கல்லுக்கு நடுவே பச்சையாக அரைப்பந்து வடிவில் ஒன்று இருந்தது. தட்டினால் கெட்டியாக இருக்கிறது, குனிந்து பார்த்தால் குட்டிக்குட்டி இலைகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் கீழே இதே வடிவில், ஆனால் தளர்வாக, மெத்தென்று வேறு ஒரு செடி. அதற்குள்ளிருந்து புல்லும் ஊதாப் பூ ஒன்றும் முளைத்து வந்திருந்தன.

எனக்கு இரண்டு விஷயம் புரியவே இல்லை. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகிற, மழையே பெய்யாத, பகலில் வெயில் தோலை உரிக்கிற இடத்தில் இவை எப்படி உயிரோடு இருக்கின்றன? அதைவிடப் பெரிய சந்தேகம் அடுத்தது. எங்கள் ஊரில் பயிருக்குப் பக்கத்தில் களை வந்தால் உடனே பிடுங்குவோம், தண்ணீரையும் உரத்தையும் அது தின்றுவிடும் என்று. அங்கே ஏக்கர் கணக்கில் காலி இடம் கிடக்கிறது, ஆனால் இந்தச் செடிகள் அதை விட்டுவிட்டு ஒன்றின் மடியில் ஒன்று முளைக்கின்றன. ஏன்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், படிக்கத் தயாராக இருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. இந்த மாதிரிச் செடிகளின் விதை இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. கோவையில் தொட்டியில் வைத்தால் வருமா?


வேர்த்தேடி எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. நீங்கள் பார்த்த கெட்டியான செடி பெரும்பாலும் தைலகோஸ்பெர்மம் சீஸ்பிட்டோசம் ஆக இருக்கும், கார்னேஷன் பூவின் குடும்பம். தளர்வாக இருந்தது அதே குடும்பத்து அரனேரியாவாக இருக்கலாம், படம் இருந்தால் போடுங்கள். இந்த வடிவத்தில் வளர்கிறவற்றைப் பொதுவாக மெத்தைச் செடிகள் என்று சொல்லலாம். ஆண்டீஸ், ஆல்ப்ஸ், நியூசிலாந்து என்று எங்கே உயரமான மலை இருக்கிறதோ அங்கெல்லாம் சம்பந்தமே இல்லாத வேறு வேறு குடும்பத்துச் செடிகள் தனித்தனியாக இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த அளவுக்கு இந்த வடிவம் அங்கே பயன்படுகிறது.

முதலில் மரம் ஏன் இல்லை என்பதிலிருந்து தொடங்கினால் மற்றது தானாகப் புரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்கிறது. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும் இடத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன, பூமத்திய ரேகைப் பக்கமானாலும் ஆல்ப்ஸ் ஆனாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். குளிரில் ஒளிச்சேர்க்கை நடக்காமல் மரம் பட்டினி கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. குளிரிலும் இலை ஓரளவு சர்க்கரை தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். அதை வைத்துப் புதுச் செல்களைக் கட்டும் வேலைதான் 5 டிகிரி பக்கம் போனதும் நின்றுபோகிறது. கையில் காசு இருந்தும் கட்டட வேலை நடக்காத நிலைமை.

மரம் உயரமாக நிற்பதால் காற்றின் வெப்பம் என்னவோ அதுதான் அதன் வெப்பமும். தரையோடு ஒட்டிக் கிடக்கிற செடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தரைக்கு மேலே சில சென்டிமீட்டருக்குக் காற்று வேகம் குறைந்துவிடும், வெயிலில் சூடான கல்லும் மண்ணும் பக்கத்திலேயே இருக்கும். மெத்தைச் செடி அதற்கு மேலும் ஒரு படி போகிறது, இலைகளை நெருக்கி அடைத்துக் காற்று உள்ளே புகாமல் செய்துவிடுகிறது. வெளியே காற்று 8, 10 டிகிரியில் இருக்கும்போது மெத்தைக்குள் 20 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால் நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிய அதே நேரத்தில் உங்கள் காலடியில் இருந்த செடிக்கு அது கதகதப்பான பகலாக இருந்திருக்கும். மலையில் வானிலை அறிக்கை சொல்கிற வெப்பநிலை நம் மாதிரி ஐந்தடி உயரத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

இதில் ஆபத்தும் உண்டு. நல்ல வெயிலில் காற்று அசையாமல் இருந்தால் சில மெத்தைகளின் மேற்பரப்பு 40 டிகிரியையும் தாண்டும். ஆக ஒரே செடி ஒரே நாளில் உறைபனியையும் கோடை வெயிலையும் தாங்க வேண்டும்.

உறைபனியை எப்படித் தாங்குகின்றன என்றால், செல்லுக்குள் பனிக்கட்டி உருவானால் செல் கிழிந்து செத்துவிடும். அதனால் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் மட்டும் உருவாகும்படி இவை பார்த்துக்கொள்கின்றன. உள்ளேயிருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும், மிஞ்சிய சாற்றில் சர்க்கரை அடர்த்தியாகிவிடும், அது எளிதில் உறையாது. இந்தத் தயாரிப்பு முழுதாக முடிந்த குளிர்கால உறக்கத்தில் ஆல்ப்ஸ் மலையின் சிலீன் அகாலிஸ் என்ற மெத்தைச் செடியின் கிளைகளைத் திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், முக்கி எடுத்த பிறகும் உயிர் இருந்திருக்கிறது. ஆனால் அதே செடி கோடையில், இளந்தளிரோடு இருக்கும்போது மைனஸ் ஒற்றை இலக்கக் குளிரிலேயே அடிபடும். எனவே மலைச்செடிக்கு உண்மையான எதிரி ஜனவரி மாதக் கடுங்குளிர் இல்லை, ஜூலையில் திடீரென்று வரும் ஒரு உறைபனி இரவுதான். குளிர்காலத்தில் மேலே ஒரு முழத்துக்குமேல் பனி மூடியிருந்தால் அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனி விழாத, காற்று அள்ளிக்கொண்டு போகிற மேட்டில்தான் செடி முழுக் குளிரையும் நேரடியாக வாங்கும்.

வளர்வதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று மாதம். அதற்குள் மொட்டு வைத்து, பூத்து, விதை முற்ற நேரம் போதாது, அதனால் அடுத்த வருடத்துப் பூவை இந்த வருடமே மொட்டாகத் தயார் செய்து வைத்துவிடும். இதில் என்னை அசரவைத்தது பிஸ்டார்ட்டா விவிபாரா என்ற ஒரு சின்னச் செடி, இமயமலையிலும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மலையில் அதை ஆராய்ந்தபோது, ஒரு இலையோ பூந்தண்டோ மொட்டாகத் தொடங்கி முழுதாக வெளியே வர நான்கு வருடம் ஆவதைக் கண்டார்கள். நீங்கள் இந்த ஆகஸ்ட்டில் பார்க்கும் பூவை அந்தச் செடி நான்கு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கிறது. ஒரு கோடை கெட்டுப்போனால் அதன் விளைவு எப்போது வெளியே தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பச்சிலை வந்தால் நன்றாகச் சொல்வார், அவருக்குப் பிடித்த பகுதி அது.


பச்சிலை எழுதியது:

வந்துவிட்டேன். நடைவழி, உங்கள் களை உதாரணமே போதும், அதிலிருந்தே தொடங்கலாம். வயலில் தண்ணீர், உரம், வெப்பம் எல்லாம் தாராளமாக இருக்கிறது, எனவே யார் அதிகம் எடுத்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. மலை உச்சியில் பிரச்சினையே வேறு. அங்கே சூரிய ஒளியைப் பங்கு போட ஆள் இல்லை, இடத்துக்குப் பஞ்சமில்லை. உயிரைக் கொல்வது காற்று, குளிர், வறட்சி, அப்புறம் ராத்திரி உறைந்து பகலில் உருகி மண்ணே நகர்வது. கடைசியாகச் சொன்னது வெளியில் தெரியாது, ஆனால் கொடூரமானது. இப்போதுதான் முளைத்த நாற்றின் வேரை அந்த மண் அசைவு அறுத்துப் போட்டுவிடும். அதனால் நீங்கள் பார்த்த காலி இடம் ஒரு விதைக்குக் காலி இடமே இல்லை, அங்கே விழுந்தால் பெரும்பாலும் சாவுதான். மெத்தைக்குள் விழுந்த விதைக்குக் காற்று இல்லை, மண் அசையவில்லை, பழைய இலைகள் மக்கி உண்டான கறுப்பு மண் இருக்கிறது, ஈரம் இருக்கிறது.

1994இல் மார்க் பெர்ட்னஸ், ரேகன் காலவே என்ற இரண்டு அமெரிக்க சூழலியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சூழல் எவ்வளவு கடுமையாகிறதோ அந்த அளவுக்குச் செடிகளுக்கிடையே போட்டி குறைந்து உதவி கூடும் என்பது அதன் சாரம். சொல்லிவிட்டுப் போகவில்லை, காலவேயும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து உலகம் முழுக்க 11 மலைப்பகுதிகளில், 115 செடி வகைகளில் இதைச் சோதித்தார்கள், 2002இல் நேச்சர் இதழில் வந்தது. சோதனை மிக எளிமையானது: ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றியிருக்கும் செடிகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட வேண்டும், இன்னொரு செடியை அப்படியே விட்டுவிட வேண்டும், பிறகு இரண்டும் எப்படி வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். மலையின் கீழ்ப்பகுதியில் பக்கத்துச் செடிகளை எடுத்ததும் மிச்சம் இருந்தது செழித்தது, உங்கள் வயலைப் போலவே. மேலே, குளிர் அதிகமான இடத்தில், பக்கத்துச் செடிகளை எடுத்ததும் மிச்சம் இருந்தது நலிந்தது. ஒரே மலை, சில நூறு மீட்டர் உயர வித்தியாசம், உறவு தலைகீழ்.

எனக்கு இந்த ஆய்வு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், பள்ளியிலிருந்து நாம் படித்தது எல்லாம் போட்டி, போராட்டம், வலியது வாழும் என்றுதான். செடிகள் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதை யாரோ ஆசைப்பட்டுச் சொன்னதாக இல்லாமல், கையால் பிடுங்கிப் பார்த்து அளந்து காட்டியிருக்கிறார்கள்.

உதவி என்பது குளிரிலிருந்து காப்பதோடு நிற்காது. லடாக்கிலும் ஸ்பித்தியிலும் கொஞ்சம் கீழே வந்தால் கரகானா என்ற முள்புதர் பரவிக் கிடக்கும். ஆடும் யாக்கும் கடித்துவிட முடியாதபடி அந்த முள்ளுக்குள் புல்லும் சின்னப் பூச்செடிகளும் பத்திரமாக நிற்கும். மேய்ச்சல் கடுமையான இடத்தில் ஒரு முள்புதரைக் கண்டால் உள்ளே எட்டிப் பாருங்கள், வெளியே காணாத செடி ஒன்றிரண்டாவது உள்ளே இருக்கும்.


கல்லும்புல்லும் எழுதியது:

பச்சிலை சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் உயரே போகப் போக உதவி கூடிக்கொண்டே போகும் என்று நேர்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் நடைவழி கேட்டது லடாக்கைப் பற்றி, அங்கே கதை அப்படி முடியவில்லை.

அவர் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, கவனியுங்கள். தளர்வான மெத்தையில் புல்லும் பூவும் இருந்தன, கெட்டியான மெத்தையில் இருந்ததாக அவர் சொல்லவில்லை. தைலகோஸ்பெர்மம் செடியைக் கிழக்கு லடாக்கில் செக் நாட்டு ஆய்வாளர்கள் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மெத்தை அவ்வளவு இறுக்கமானது, வேறு விதை வேர்விட இடமே கொடுப்பதில்லை, அதற்குள் மற்ற செடிகள் வெளியைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தது அங்கே பொய்த்துப்போனது. மெத்தை வடிவம் என்றாலே அடைக்கலம் என்று சொல்லிவிட முடியாது, அந்த மெத்தை எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. தவிர லடாக்கில் கீழே வறட்சி, மேலே குளிர், இரண்டும் வேறு வேறு கஷ்டம். லேயில் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெரிய விஷயம். தண்ணீருக்கே தவிக்கிற இடத்தில் பக்கத்துச் செடி நிழல் தருகிறதா, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இன்னும் மேலே போனால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போகிறது. லடாக்கில் 6,150 மீட்டர் உயரத்தில் ஆறு வகைப் பூக்கும் செடிகள் பதிவாகியிருக்கின்றன, நல்ல ஆதாரத்தோடு பதிவானவற்றில் உலகத்திலேயே மிக உயரமான இடங்களில் ஒன்று அது. ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தை வைத்து மறைத்துவிடலாம் போன்ற அளவுதான். அவை ஒன்றையொன்று தொடக்கூட முடியாத தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே உதவி செய்யவும் ஆளில்லை, போட்டி போடவும் ஆளில்லை. செடிக்கும் பனிக்கும் கல்லுக்கும் நடுவே நடப்பதுதான் எல்லாம்.

இரண்டாவது விஷயம், இடம் கொடுக்கிற செடிக்கு அது இலவசம் இல்லை. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் தொடங்கி உலகின் பல மலைகளில் கிறிஸ்டியன் ஷோப் என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் இதை அளந்தார்கள். மெத்தைக்குள் விருந்தாளிச் செடிகள் அதிகமாக அதிகமாக, மெத்தைச் செடியின் பூக்களும் விதைகளும் குறைந்தன. தாங்குகிற செடி தன் பிள்ளைகளைக் குறைத்துக்கொண்டுதான் தாங்குகிறது. அது விரும்பிச் செய்வதாகவும் சொல்ல முடியாது, தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த வடிவத்துக்குள் மற்றவை புகுந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றாவது, அடைக்கலம் ஆள் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. சிலி நாட்டு ஆண்டீஸில் அசொரெல்லா மொனாந்தா என்ற மெத்தைச் செடிக்குள் ஐரோப்பாவிலிருந்து வந்த டான்டலியன் களை வெற்றுத் தரையைவிட நன்றாகப் பிழைக்கிறது என்று லோஹெங்ரின் கவியேரெஸ் குழுவினர் காட்டினார்கள். உள்ளூர்ச் செடிக்கு உதவுகிற அதே மெத்தைதான் அந்நியக் களை மலையேறுவதற்கும் படியாகிறது. பாதுகாப்புப் பற்றிப் பேசும்போது இதை மறக்கவே கூடாது.


பச்சிலை எழுதியது:

இறுக்கமான மெத்தை பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் பொதுவாக எழுதியதற்கு லடாக் விவரம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். மெத்தைச் செடிக்குச் செலவு இருக்கிறது என்பதால் அது வெறும் ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. அந்த மெத்தை இல்லாவிட்டால் அந்தச் சரிவில் எத்தனை வகைச் செடிகள் இருந்திருக்கும் என்று பாருங்கள். ஐந்து கண்டங்களில் மெத்தைச் செடி உள்ள சரிவுகளை ஒப்பிட்டபோது, எங்கே சூழல் காரணமாகச் செடி வகைகள் குறைந்து போயிருந்தனவோ அங்கேதான் மெத்தைகளால் கூடுதலாகச் சேர்ந்த வகைகளின் பங்கு அதிகமாக இருந்தது. ஒரு செடிக்கு நஷ்டம், சரிவு முழுவதற்கும் லாபம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.


கோத்தகிரிவாசி எழுதியது:

அருமையான உரையாடல், எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகமும் ஒரு தகவலும். ஊட்டி பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும், பக்கத்துச் சோலைக் காட்டுக்குள் அப்படி இருக்காது. இங்கே நடப்பதும் இதே மாதிரிதானா?

தகவல் என்னவென்றால் பூக்களின் பள்ளத்தாக்கு பற்றி. உத்தராகண்டில் உள்ள அந்த இடம் 1982இல் தேசியப் பூங்காவானது, அதோடு மேய்ச்சலும் நிறுத்தப்பட்டது. செடிகளுக்கு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு பாலிகோனம் பாலிஸ்டாக்கியம் என்ற ஆளுயரச் செடி அடர்த்தியாகப் பரவி, குள்ளமான பூச்செடிகளை மூடத் தொடங்கியது. வனத்துறையே ஆள் வைத்து அதைப் பிடுங்க வேண்டி வந்தது. மேய்ச்சலை நிறுத்தியதுதான் காரணமா, நிலச்சரிவும் பழைய பட்டி போட்ட இடங்களும் காரணமா என்று இன்றுவரை விவாதம் இருக்கிறது. நான் போனபோது ஜூலைக் கடைசி, பாதையின் சில பகுதிகளில் அந்தச் செடி தோளுக்கு மேலே நின்றது, அதன் அடியில் வேறு எதுவும் பூக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி 3,500 மீட்டர் பக்கம்தான், மழையும் நிறைய. அங்கே நடப்பது நீங்கள் சொல்கிற வயல்காட்டுப் போட்டிதான் என்று தோன்றுகிறது.


வேர்த்தேடி எழுதியது:

ஆமாம், பள்ளத்தாக்கு விஷயத்தில் உங்கள் ஊகம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஈரமும் மண்ணும் நிறைய இருக்கிற இடத்தில் உயரமான செடிதான் ஜெயிக்கும், யாராவது அதை மேய்ந்தோ வெட்டியோ குறைத்துக்கொண்டிருக்கும்வரை குள்ளச் செடிக்கு வாய்ப்பு.

நீலகிரி வேறு. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், வெப்பத்தின்படி பார்த்தால் அதன் உச்சியிலும் மரம் வளரலாம், எனவே அதை ஆல்பைன், அதாவது குளிரால் மரம் நின்றுபோகும் எல்லைக்கு மேலான பகுதி, என்று சொல்ல முடியாது. ஆனால் உறைபனி அங்கேயும் காவல்காரன் வேலை செய்கிறது. திறந்த புல்வெளியில் சோலை மரத்தின் நாற்று உறைபனியில் கருகிவிடும், சோலை ஓரத்தில் மற்ற மரங்களின் மறைவில் பிழைக்கும். சோலையும் புல்வெளியும் கத்தியால் வெட்டிய மாதிரி பிரிந்து நிற்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். இதற்கு விதிவிலக்காகப் புல்வெளியில் தனியாக நிற்கும் மரம் ஒன்று உங்களுக்கே தெரியும், சிவப்புப் பூ பூக்கிற காட்டுப்பூவரசு. அது ரோடோடெண்ட்ரான், இமயமலையில் இருப்பதன் நெருங்கிய சொந்தம். நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்த இனமே கிடையாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும் உறைபனியைத் தாங்குகிறது, அதனால்தான் அது புல்வெளிக்குள் இவ்வளவு வேகமாக இறங்கியது.


நடைவழி எழுதியது:

மிக்க நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வேர்த்தேடி அண்ணா, ஒட்டிக் கிடப்பதுதான் வழி என்றால், சிக்கிம் போன நண்பர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார், பாறைச் சரிவில் ஆள் உயரத்துக்கு வெளிர்மஞ்சள் கோபுரம் மாதிரி ஒரு செடி நிற்கிறது. சுற்றிலும் மற்றதெல்லாம் கணுக்கால் உயரம். அது எப்படி?

பிரம்ம கமலமும் அங்கே இருக்குமா? எங்கள் வீட்டிலேயே ஒரு தொட்டியில் இருக்கிறது.


வேர்த்தேடி எழுதியது:

அந்தக் கோபுரம் ரியம் நோபிலே. ரூபார்ப் இனம். சிக்கிம், நேபாளம், பூட்டான், திபெத் பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் வளரும். அதைப் பற்றி எழுதினால் நிறுத்த முடியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

பல வருடம் அது தரையோடு இலைக்கொத்தாகவே கிடக்கும், வேரில் சேமித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு கோடையில் ஒரே மூச்சில் ஒன்றரை, இரண்டு மீட்டர் வளர்ந்து பூத்து, விதை தந்துவிட்டுச் செத்துப்போகும். அந்த மஞ்சள் ஓடு மாதிரி தெரிவதெல்லாம் பூவடிச் செதில்கள், கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வெயில் நாளில் உள்ளே வெளியைவிடப் பல டிகிரி கூடுதல் வெப்பம். பூக்கள் அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் இருக்கின்றன, மழையில் மகரந்தம் கழுவிப் போகாது, விதையும் நன்றாக முற்றும். ஆக அது குளிரை எதிர்த்து எழுந்து நிற்கவில்லை, தரையோரத்துக் கதகதப்பைத் தன்னோடு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது.

நீங்கள் கேட்ட உதவி, போட்டி கேள்விக்கும் இந்தச் செடியிடம் ஒரு பதில் இருக்கிறது. அதன் மகரந்தச் சேர்க்கையைச் செய்வது பிராடிசியா என்ற குட்டி ஈ. அந்த ஈ பூவுக்குள்ளேயே முட்டையிடும், புழு வளர்வது அந்தச் செடியின் விதையைத் தின்றுதான். செடி தன் விதைகளில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. பூச்சிகளே குறைவான அந்த உயரத்தில் அதற்கு அந்த ஈயை விட்டால் நம்பகமான துணை அதிகம் இல்லை.

மலையில் உள்ள பிரம்ம கமலம் சாசூரியா ஆப்வலாட்டா, சூரியகாந்திக் குடும்பம், உத்தராகண்டின் மாநில மலர், ஹேம்குண்ட் பக்கம் பார்க்கலாம். அதுவும் மெல்லிய செதில்களால் பூங்கொத்தை மூடிக்கொண்டு இதே உத்தியில் வாழ்கிறது. உங்கள் வீட்டில் இரவில் பூப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி இனம், வேறு செடி. சாசூரியாவிலேயே இன்னொன்று, சாசூரியா காசிபிஃபோரா, உடம்பு முழுக்கப் பஞ்சு சுற்றிக்கொண்டு உச்சியில் ஒரு துளை மட்டும் விட்டிருக்கும், அதன் வழியாக வண்டினம் உள்ளே போய்க் குளிர்காயும், அப்படியே மகரந்தமும் சேரும்.


கல்லும்புல்லும் எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு மனிதனைப் பேசாமல் விட முடியாது. இந்தச் செடிகள் எதைத் தாங்கினாலும் நம்மைத் தாங்குவது கஷ்டம். சாசூரியா லேனிசெப்ஸ் என்ற பனித்தாமரையைப் பெரியதாகப் பார்த்துப் பறித்துப் பறித்து, நூறு வருடத்தில் அந்த இனமே சராசரி உயரத்தில் குறைந்துவிட்டது என்று பழைய உலர்மாதிரிகளை அளந்து 2005இல் காட்டினார்கள். சீனாவின் ஹெங்துவான் மலையில் ஃப்ரிட்டிலேரியா டெலவாயி என்ற மருந்துச் செடி இன்னும் வியப்பு. ஆள் போய்க் கிழங்கு தோண்டாத இடத்தில் அது பளிச்சென்ற பச்சை. அதிகம் தோண்டுகிற இடத்தில் சுற்றியுள்ள கல்லின் சாம்பல், பழுப்பு நிறத்துக்கு மாறிவிட்டது, கண்ணில் படுகிறவை எல்லாம் போய்விட, படாதவை மட்டும் இனம் பெருக்கியதால்.

வெப்பம் கூடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. ஐரோப்பாவில் 302 மலை உச்சிகளின் பழைய பதிவுகளை ஒப்பிட்டு 2018இல் ஒரு ஆய்வு வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் இருந்ததைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் புதிய செடி வகைகள் இப்போது உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை கூடுகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. சுவிட்சர்லாந்தில் உயரத்துச் செடிகளைப் பெயர்த்துக் கீழே, வெப்பமான இடத்தில் நட்டுப் பார்த்தார்கள். தங்களுடைய பழைய உயர்மலைச் சகாக்களோடு சேர்த்து நட்டபோது ஓரளவு சமாளித்தன, தாழ்வான பகுதியின் செடிகளோடு சேர்த்து நட்டபோது நொடித்துப்போயின. வெப்பத்தைவிட அதோடு வரும் புதிய அண்டைவீட்டுக்காரர்தான் ஆளை வீழ்த்துகிறார். பச்சிலை சொன்ன அந்தத் தலைகீழ் உறவு மறுபடியும் தலைகீழாகிறது, இந்த முறை மலை உச்சியிலேயே. அதற்கு மேல் ஏறிப்போக இடமும் இல்லை.


பச்சிலை எழுதியது:

விதை கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நடைவழி, வாங்காதீர்கள். கோவையின் இரவு வெப்பத்தில் இந்தச் செடிகள் பகலில் சேர்த்த சர்க்கரையை எல்லாம் மூச்சுவிட்டே தீர்த்துவிடும், இலை நெருக்கத்தில் ஈரம் தேங்கி அழுகும், பல வகை விதைகள் நீண்ட குளிர் பார்க்காமல் முளைக்கவே முளைக்காது. காட்டிலிருந்து பறித்து விற்கப்படும் விதையாக இருந்தால் அந்தச் சரிவுக்குத்தான் நஷ்டம்.

அதற்குப் பதில் மறுபடியும் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். தளர்வான மெத்தை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே எத்தனை வகை, பக்கத்தில் அதே அளவு வெற்றுத் தரையில் எத்தனை வகை என்று எண்ணிப் படத்தோடு குறித்து வையுங்கள், கூடவே உயரமும். காலை மட்டும் கல்லின் மேல் வையுங்கள். ஒரு அடி அகல மெத்தை பல பத்தாண்டுகள் வளர்ந்ததாக இருக்கும், பூட்ஸ் மிதித்து மேற்பரப்பு பிளந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து காயவைத்துவிடும். நடைவழி, அந்தத் தளர்வான செடியின் படத்தை இங்கே போடுங்கள், ஊதாப் பூவின் இலை தெரிகிற மாதிரி. என்ன வகை என்று பார்க்கலாம்.